சொந்தமாக ஐந்து கேள்விகள்

ஆங்கிலத்தில் கேள்வி கேட்க வேண்டுமானால் வாக்கியத்தின் கடைசியில் வளைந்த கோடு ஒன்றும் அதன் அடியில் புள்ளி ஒன்றும் வைத்தால் போதும் என்று தமிழ்நாட்டில் பரவலாக நம்பப்படுகிறது. இந்த நம்பிக்கை தவறானது. பல தலைமுறைப் பிள்ளைகளைக் கவிழ்த்த நம்பிக்கை என்பதால் இதைச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழில் ஒரு ஆகாரம் போதும். வந்தான், வந்தானா. கடைசி எழுத்து வாயைத் திறந்தால் வாக்கியமே கேள்வியாகிவிடும். ஆங்கிலத்தில் அந்தச் சலுகை கிடையாது. அங்கே வாக்கியத்துக்குள் ஒரு துணைவினை இருக்க வேண்டும், இஸ், வாஸ், ஹாஸ், வில் என்று ஏதாவது ஒன்று. அது எழுந்து எழுவாயைத் தாண்டி முன்னால் வந்து நிற்க வேண்டும். அப்படி யாரும் உள்ளே இல்லையென்றால் டூ, டஸ், டிட் என்று வெளியிலிருந்து ஒருத்தியைக் கூட்டிவர வேண்டும். அவளுக்கென்று சொந்தமாக அர்த்தம் எதுவும் இல்லை. வந்த இடத்தில் காலத்தை முழுக்கத் தன் தலைமேல் வாங்கிக்கொள்வாள். செயலைச் செய்த வினையோ ஒன்றும் நடக்காததுபோல வெறுங்கையோடு பின்னால் நிற்கும். சாத்தூருக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் இருபத்து மூன்று வருடமாகச் சந்தனமாரி டீச்சர் இதை இப்படித்தான் நடத்திவந்தாள். ஒரு பெஞ்சு நிறையப் பிள்ளைகளை வாக்கியமாக உட்கார வைப்பாள், பக்கத்து வகுப்பிலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்துவாள், "இவதான் டிட். நமக்குப் பேச வராதப்ப வந்து நிப்பா, இறந்த காலத்தை இவ சுமந்துக்குவா" என்பாள். இன்று காலை ஒன்பதரை மணிக்கு விருதுநகரில் விடைத்தாள் திருத்தும் முகாமில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று செய்த குட்டை பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் முப்பத்தெட்டாவது வினாவுக்கு நாலாவது பிள்ளை எழுதிய விடையைப் படித்தபோது, சிவப்புப் பேனா தாளைத் தொடாமல் அப்படியே நின்றது. துணைவினைகளைக் கொண்டு சொந்தமாக ஐந்து கேள்விகள் எழுதி அவற்றுக்குக் குறுவிடை தருக என்பது வினா. பிள்ளை முதல் கேள்வியாக எழுதியிருந்தது: டிட் செண்பகராஜ் டெலிபோன் ஆன் சண்டே? செண்பகராஜ் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாரா.

செண்பகராஜ் அவள் கணவன். ஊரில் ஒரே ஒரு செண்பகராஜா, எத்தனையோ பேர் இருப்பார்கள், ராஜபாளையம் பக்கம் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டே இரண்டாவது வரிக்குப் போனாள். இஸ் ஹி ஆங்ரி வித் மீ? அவருக்கு என்மேல் கோபமா. மூன்றாவது, மகளின் பிறந்தநாளை மறந்துவிட்டாரா. நான்காவது, பொங்கலுக்கு வருவாரா. கழுத்துக்குப் பின்னால் மின்விசிறிக் காற்று ஒரு முறை பட்டுவிட்டுத் திரும்பிப் போனது. மூலைகளில் சிவப்பு ரெக்சின் ஒட்டிய நாற்பது பக்க நோட்டு ஒன்று, கோடு போட்டது, கடைசிப் பக்கத்திலிருந்து தலைகீழாக எழுத ஆரம்பித்தது, அதில் அவள் கையெழுத்தில் அந்த நாலு வரியும் கண்முன் வந்து நின்றன. ஐந்தாவது வரியைப் படிக்காமலே அவளுக்குத் தெரியும். முதலில் ஹவுஸ் என்று எழுதி, வீடு என்றால் கட்டடமாகவும் இருக்கலாமே என்று அடித்துவிட்டுத் திருத்தமாக எழுதிய வரி. டஸ் ஹி ஹாவ் அனதர் ஃபேமிலி? அவருக்கு வேறு குடும்பம் இருக்கிறதா. வாக்கியம் சுத்தமாக இருந்தது. டஸ் முன்னால் வந்திருந்தது, ஹாஸ் பதவி இறங்கி ஹாவ் ஆகியிருந்தது, பிள்ளை அருமையாக எழுதியிருந்தது. யார் பெற்ற பிள்ளையோ. தாளில் பெயர் இருக்காது, எந்த மாவட்டம் என்றும் தெரியாது, எண்ணை மறைத்து வேறு எண் போட்டு லாரியில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், யாரும் யாருக்கும் வேண்டியவராகிவிடக் கூடாது என்பதற்காக. ஆனால் அந்தப் பிள்ளை அவள் படுக்கையறைக்குள் வந்து, பீரோ மேலிருந்து நோட்டை எடுத்து, பார்த்துவிட்டு, அழகான குண்டு எழுத்தில் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தது. "என்ன டீச்சர், அங்கயே நிக்கிறீங்க? கவிதை எழுதிருக்கானா?" என்றார் பக்கத்தில் இருந்த குருவய்யா சார். ஓய்வுபெற ஒரு வருடம் இருந்தவர், தாளைக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு மதிப்பெண் போடுவதாகப் பெயர் எடுத்தவர். "இல்ல சார். கையெழுத்து புரியல" என்றாள். "புரியாட்டி முழு மார்க்கு போடுங்க. புரிஞ்சாத்தான் பிரச்சனை."

நோட்டின் முன்பக்கம் பாடம். பின்பக்கம் பாடம் இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் செண்பகராஜ் பஹ்ரைனில் ஏசி மெக்கானிக்காக இருந்தபோது பதினோரு மாதம் போன் வராமல் போனது. பணம் மட்டும் மாதம் தவறாமல் வந்தது, பேச்சுதான் இல்லை. அப்போது அவள் மதிய இடைவேளையில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அந்தக் கேள்விகளை எழுதினாள். தமிழில் எழுதினால் இரண்டாவது சொல்லிலேயே கண் நிறைந்துவிடும். ஆங்கிலத்தில் எழுதினால் அது பயிற்சி. டிட் என்று ஆரம்பித்துவிட்டால் அடுத்து எழுவாய் எங்கே, வினையின் மூல வடிவம் எது என்று மனம் அந்தக் கணக்கில் போய்விடும், கேள்வி எழுதி முடித்தபின் கேள்வி மட்டும் இருக்கும், வலி வேறு யாருடையதோ போல ஒதுங்கி நிற்கும். விடை எழுதவில்லை. எதற்குமே எழுதவில்லை. விடைக்காக ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ஒரு வரி விட்டிருந்தாள், பழக்கம் அப்படி, டீச்சர் கை. அதை அந்த வருடம் பியூலா கேட்டாள். பியூலாவும் ஆங்கில டீச்சர், அடுத்த ஊர்ப் பள்ளியில். இரண்டு பேருக்கும் ஒரே பஸ், பதினாறு வருடமாக டிரைவருக்குப் பின்னால் ரெண்டாவது சீட், முதலில் ஏறுகிறவள் கைப்பையை வைத்து இடம் பிடிப்பாள். "ஏ மாரி, டிரெய்னிங்ல டெமோ எடுக்கச் சொல்லிட்டாங்க. உன் துணைவினை நோட்டக் குடேன், ரெண்டு நாள்ல தந்துர்றேன்." கொடுக்கும்போது மாரி சொன்னது அச்சு அசலாக நினைவிருந்தது, அந்த பஸ்ஸின் ஜன்னலில் ஒட்டியிருந்த சாமி படம்கூட நினைவிருந்தது. "முன்பக்கம் மட்டும் பாரு. பின்னால கிறுக்கல், அதப் பாக்காத." "எனக்கென்ன வேலயில்லயா, சத்தியமா பாக்கல." ரெண்டு நாள் என்றது பத்து நாள் ஆகி, திரும்பி வந்தபோது நோட்டுக்குக் காக்கிக் காகிதத்தில் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, அதில் மாரியின் பெயரைப் பியூலாவே அழகாக எழுதியிருந்தாள். பிள்ளைகளுக்குப் போடுவதுபோல மூலை மடித்துப் போட்ட அட்டை. எவ்வளவு அன்பு என்று அன்றைக்கு நினைத்தாள். வீட்டுக்குப் போய் அப்படியே பீரோ மேல் வைத்தாள், அதன்பின் திறக்கவேயில்லை, ஏனென்றால் அந்த வாரமே போன் வந்துவிட்டது, கம்பெனி மாறினேன், சிம் மாறிச்சு, ஒரே அலைச்சல், நீ எப்படி இருக்க. போன் வந்தபின் பழைய கேள்விகளை எதற்குத் திறக்க வேண்டும். பியூலா கையைத் தவிர வேறு யார் கைக்கும் போகாத நோட்டு. சத்தியமா பாக்கல. பார்க்காதவளுக்கு எப்படித் தெரியும் செண்பகராஜ் ஞாயிற்றுக்கிழமைதான் போன் செய்வான் என்று.

மேசையின் தலைப்பக்கத்தில் பியூலா உட்கார்ந்திருந்தாள். இந்த மேசைக்கு அவள்தான் முதன்மைத் தேர்வாளர். மற்றவர்கள் சிவப்பு மையில் திருத்துவதை அவள் பச்சை மையில் சரிபார்ப்பாள். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு விடைக்குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தாள், கண்ணாடியைத் தேடிக்கொண்டும் இருந்தாள். மாரிக்கு வழக்கம்போல "நெத்தியில இருக்கு" என்று வாய்வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு அடுத்த தாளை எடுத்தாள். ஐந்தாவது தாளில் செண்பகராஜ் இல்லை. ஆறாவதில் இருந்தார். ஏழு, எட்டு இரண்டிலும் இருந்தார், எட்டாவதில் எழுத்துப்பிழையோடு சென்பராஜாக இருந்தார். குருவய்யா சார் தன் கட்டைக் காட்டி, "இங்கயும் ஒரு செண்பகராஜ் வந்திருக்காரு டீச்சர். யாரு இவரு, எல்லாப் பயலும் இவர் போன் பண்ணாரான்னு கேக்கிறான்? கைடுல இருந்து வந்த ஆளு போல" என்றார். கைடு. அப்போதுதான் அந்தச் சொல் அவள் மண்டையில் இறங்கியது. போன வருடம் ஜூனில் பியூலா பஸ்ஸில் பால்கோவா கொடுத்தாள், மதுரையில் ஒரு பதிப்பகத்தில் பத்தாம் வகுப்பு கைடு போடுகிறார்கள், கிராமர் பகுதி அவள் எழுதியது, ராஜு மாம்பழம் தின்றான் மாதிரிப் பழைய வாக்கியம் வேண்டாம், யாரும் போடாத வாக்கியமாக வேண்டும் என்று கேட்டார்களாம். "நல்லது" என்று மாரி இனிப்பைத் தின்றாள். கைடைப் பார்க்கவில்லை. கைடைத் தொடுவதில்லை என்பது அவள் கொள்கை, அதைப் பத்துப் பேர் முன்னால் சொல்லிக்கொள்ளும் பெருமையும் உண்டு. அவள் வகுப்பில் கைடு வாசகம் எழுதினால் தாள் பறந்து வரும் என்று தெரிந்து பிள்ளைகள் அவளிடம் ராஜுவையும் மாம்பழத்தையும் காட்டிவிட்டு, அரசுத் தேர்வில் மட்டும் செண்பகராஜை எழுதியிருப்பார்கள். எத்தனை ஊரில். எத்தனை ஆயிரம் வாய் அதிகாலையில் எழுந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே மனப்பாடம் செய்திருக்கும், அவருக்கு என்மேல் கோபமா, அவருக்கு என்மேல் கோபமா. இதில் இன்னொன்றும் இருந்தது, அதை நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, சிரிப்புதானா என்று உறுதியாகத் தெரியவில்லை. செண்பகராஜ் நாலு வருடத்துக்கு முன்னால் ஊரோடு திரும்பிவந்து பஸ் நிலையம் எதிரே ஸ்டேஷனரிக் கடை வைத்திருக்கிறான். ஜூன் மாதமானால் வாசலில் கயிறு கட்டி, கிளிப் மாட்டி, கைடுகளை வரிசையாகத் தொங்கவிடுவான். தன் பெயர் அச்சான புத்தகத்தைத் தன் கையாலேயே பையில் போட்டு, "நல்லாப் படி" என்று சொல்லிக் கொடுத்திருப்பான். அவன் எந்தப் புத்தகத்தையும் திறந்து படிப்பதில்லை. இந்த ஒரு விஷயத்தில் வீட்டில் இரண்டு பேருக்கும் ஒற்றுமை.

இதுவரை அவள் கேள்விகளைத்தான் படித்திருந்தாள். கேள்வி தன்னுடையது, தெரிந்தது, அதனால் கண் அங்கேயே நின்றுவிட்டது. ஒன்பதாவது தாளில்தான் விடைகளைப் படித்தாள். நோட்டில் அவள் வெறுமையாக விட்ட வரிகளில் இங்கே ஏதோ எழுதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாரா: நோ, ஹி டிட் நாட். கோபமா: நோ, ஹி இஸ் நாட். பிறந்தநாளை மறந்துவிட்டாரா: நோ. பொங்கலுக்கு வருவாரா: நோ. வேறு குடும்பம் இருக்கிறதா: எஸ், ஹி டஸ். அவள் நாலாவது தாளுக்குத் திரும்பிப் போனாள், பிறகு ஆறு, ஏழு, எட்டு. எல்லாவற்றிலும் நாலு நோ, ஒரு எஸ். கைடில் அப்படித்தான் இருக்கிறது என்றால் பியூலா எழுதியது அப்படி. சரி, பயிற்சிக்கு இரண்டு வகையும் வேண்டும், எல்லாமே நோவாக இருந்தால் பிள்ளைகளுக்கு எஸ் எழுத வராது, அதனால் ஒன்றை மாற்றியிருப்பாள், எதை மாற்றுவது என்று யோசிக்காமல் கடைசியை மாற்றியிருப்பாள், மாரியே எழுதினாலும் அப்படித்தான் செய்வாள். இந்த விளக்கம் நன்றாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மூன்று தாள் திருத்தினாள். பன்னிரண்டாவதில் மறுபடி வந்து மாட்டியது. அந்தப் பதினோரு மாதத்தில் அவர் ஒரு ஞாயிறும் போன் செய்யவில்லை, விடை சரி. கோபம் இல்லை என்று ஊருக்கு வந்தபின் சத்தியம் செய்தார், உண்மையிலேயே இல்லை, கோபக்காரனின் முகம் அவளுக்குத் தெரியும், விடை சரி. மகள் பொற்கொடியின் பிறந்தநாளை மறக்கவில்லை, போன் இல்லாத அந்த வருடமும் ஒரு கைக்கடிகாரம் வந்தது, யார் மூலம் வந்தது, பியூலாவின் தம்பி ஜெபராஜ் மூலம் வந்தது, அவனும் அங்கேதான் வேலை பார்த்தான், அவன்தான் இவருக்கு விசா வாங்கிக் கொடுத்தவன், விடை சரி. அந்தப் பொங்கலுக்கு வரவில்லை, விடை சரி. இருபத்து மூன்று வருடம் தாள் திருத்தியவளுக்கு ஒன்று தெரியும். நாலு விடையைச் சரியாக எழுதிய பிள்ளை ஐந்தாவதைக் குத்துமதிப்பாக எழுதாது.

டீ வந்தது. இந்த முகாமில் டீயோடு பருப்புவடை. பியூலா எழுந்து வந்து தன் வடையை இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை மாரியின் தாளுக்குப் பக்கத்தில் காகிதத்தில் வைத்தாள். எப்போதும் அப்படித்தான். "என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு? காலையில சாப்பிட்டயா இல்லயா?" என்றாள். மாரி, "சாப்பிட்டேன்" என்றாள். "பொய் சொல்ற. வடயத் தின்னு. குருவய்யா சார், இவள மெரட்டாதீங்க." "நான் எங்க மெரட்டுறேன்? அந்த செண்பகராஜ்தான் மெரட்டுறாரு" என்றார் அவர். பியூலாவின் கை டீ டம்ளரோடு கொஞ்சம் நின்றது. பிறகு குடித்தாள். அந்தக் கொஞ்சத்தை மாரி பார்த்தாள், அதன்பின் வேறெதையும் பார்க்க முடியவில்லை. அந்தப் பெயர் யாருடையது என்று இந்த மேசையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். கேட்டுவிடலாம். எவ்வளவு நேரம் ஆகும். தமிழில் ஒரு ஆகாரம். தெரியுமா. உனக்குத் தெரியுமா. கேட்காமல் அடுத்த தாளைப் புரட்டினாள். வீட்டிலும் அவள் அப்படித்தான். நாலு வருடமாக அவள் கேட்ட கேள்விகளைப் பட்டியல் போட்டால் சாப்பிட்டீங்களா, கடையைப் பூட்டினீங்களா, மாத்திரை போட்டீங்களா, அவ்வளவுதான், எல்லாமே விடை முன்பே தெரிந்த கேள்விகள். மாதம் ஒரு முறை அவன் சரக்கு எடுக்க மதுரைக்குப் போகிறான். சாத்தூரிலிருந்து மதுரை இரண்டு மணி நேரம். காலையில் போனால் மாலையில் வரலாம், ஊரில் எல்லாக் கடைக்காரரும் அப்படித்தான் வருகிறார்கள். இவன் மறுநாள் மாலை வருகிறான், லோடு ஏற லேட்டாச்சு என்கிறான், வரும்போது அவளுக்கு ஜிகர்தண்டாப் பொடி வாங்கி வருகிறான், அவளும் பாலில் கலக்கிக் குடிக்கிறாள். பஹ்ரைனில் இருந்த வேறு குடும்பம் பஹ்ரைனில்தான் இருக்க வேண்டுமா. அது எந்த ஊர்க் குடும்பம். சமையலுக்கு வந்தவளா, ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவளா, அவளுக்கும் ஒரு ஊர் இருக்கும், ஊருக்குத் திரும்பிவரும் ஆசை இருக்கும். டஸ் என்பது நிகழ்காலம். பழக்கத்துக்கும் என்றைக்கும் மாறாத உண்மைக்கும் அதைத்தான் போட வேண்டும், சூரியன் கிழக்கே உதிக்கிறது, தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கிறது, அவருக்கு வேறு குடும்பம் இருக்கிறது. டிட் என்று முடிந்துபோனதாக எழுதியிருக்கலாமே. எழுதியவள் அவள்தான். கேட்ட காலத்தில்தான் பதில் வரும். செல்போனை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், முகாமின் விதி. நல்லதாகப் போயிற்று, கையில் இருந்திருந்தால் எடுத்து என்ன செய்திருப்பாள், சாப்பிட்டீங்களா என்று கேட்டிருப்பாள். வடை எண்ணெய் காகிதத்தில் பரவி மேசையைத் தொட்டது. அதைத் தாளில் படாமல் நகர்த்தி வைத்தாள். பதினாறு வருடம் பஸ்ஸில் தோளோடு தோள். டிரைவர் பிரேக் போட்டால் இவள் கை நீண்டு அவளைப் பிடிக்கும், அவள் கை நீண்டு இவளைப் பிடிக்கும். போன் வந்துச்சா என்று தினமும் கேட்டாள் பியூலா. அந்தப் பதினோரு மாதமும் தினமும் கேட்டாள், வரல என்று இவள் சொன்னதும் ச்சு என்று வருத்தப்பட்டாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். விடை தெரிந்துகொண்டு கேட்டாளா. டீச்சர்கள் அப்படித்தான் கேட்பார்கள். விடை தெரியாத கேள்வியை எந்த டீச்சரும் வகுப்பில் கேட்பதில்லை.

முற்பகல் கட்டில் பதினைந்து தாள், ஏழில் செண்பகராஜ். மாரி பேனாவை எடுத்தாள். ஏழு தாளிலும் முதல் நாலு கேள்விக்கும் சரிக்குறி போட்டாள், ஒன்றுக்கு ஒரு மதிப்பெண். ஐந்தாவதில், எஸ், ஹி டஸ் என்ற இடத்தில், சிவப்பில் குறுக்காக ஒரு பெருக்கல் குறி போட்டாள். இலக்கணப்படி தவறே இல்லை என்று அவளுக்குத் தெரியும், விடைக்குறிப்பு என்ன சொல்கிறது என்றும் தெரியும், வடிவம் சரியென்றால் எஸ் ஆனாலும் நோ ஆனாலும் முழு மதிப்பெண். இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளைக்கும் அவள் கால் மதிப்பெண்கூட அநியாயமாகக் குறைத்ததில்லை. பொய் என்று அடித்தாள். பொய், பொய், பொய். கூட்டல் போடும்போது ஏழில் ஒரு தாள் முப்பத்து நாலில் வந்து நின்றது, தேற ஒரு மதிப்பெண் குறைவு. குண்டு எழுத்துக்காரப் பிள்ளை, காலையில் அவள் பேனாவை நிறுத்திய அதே நாலாவது தாள். கடிதமும் கட்டுரையும் எழுதாமல் விட்டிருந்தது, செய்யுள் வரிகளைக் குழப்பியிருந்தது, அதற்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதும் செண்பகராஜின் ஐந்து கேள்விதான். மாரி முப்பத்து நாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளையின் வீட்டில் யாரோ காத்திருப்பார்கள். பெருக்கல் குறியைத் திருத்திவிடலாம், சிவப்பிலேயே, ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். திருத்தினால் எஸ் சரி என்று அவள் கையாலேயே எழுதிக்கொடுத்தது போல. திருத்தவில்லை. ஏழு தாளையும் கட்டின் மேலாக வைத்து, முப்பத்து நாலை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, மேசையின் தலைப்பக்கம் கொண்டுபோய் வைத்தாள். பியூலா கண்ணாடியை இறக்கிக்கொண்டு முப்பத்தெட்டாவது வினாவுக்குப் புரட்டினாள். புரட்டிய கை அங்கேயே நின்றது. அடுத்த தாளை எடுத்தாள், அதற்கடுத்ததை. மூன்றாவதற்குப் பிறகு தலைநிமிர்ந்தாள்.

"மாரி. இது கிராமர்படி சரிதான?"

"கிராமர்படி சரி."

"அப்புறம் ஏன் தப்புப் போட்ட?"

"தப்பா சரியான்னு நீங்க சொல்லுங்க டீச்சர்" என்றாள் மாரி. அவர்களுக்குள் நீங்க என்ற சொல் பதினாறு வருடமாக வந்ததில்லை. பியூலா சுற்றிலும் பார்த்தாள். குருவய்யா சார் தாளைக் காதருகே பிடித்திருந்தார், ஆனால் தாளைக் கேட்கவில்லை.

பியூலா குரலை இறக்கினாள். "நான் பென்சில்ல எழுதித்தான நோட்டக் குடுத்தேன்."

மாரிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு பீரோ மேல் காக்கி அட்டையோடு ஒன்பது வருடமாக இருக்கும் நோட்டு தெரிந்தது, அதன் கடைசிப் பக்கங்கள் தெரிந்தன, கேள்விகளுக்குக் கீழே அவள் விட்ட வரிகளில் மெல்லிய சாம்பல் எழுத்து தெரிந்தது.

"ஜெபா அங்க அந்தக் குடும்பத்தப் பாத்துட்டு வந்து சொன்னான். எனக்கு வாயால சொல்ல வரல. எழுதி வச்சா நீயே பாத்துக்குவேன்னு நெனச்சேன். மறுநாள் பஸ்ல வந்து நீ சிரிச்ச, போன் வந்துருச்சுன்னு. நீ பாத்துட்டுதான் விட்டுட்டன்னு நெனச்சேன் மாரி. தெரிஞ்சே வாழுறன்னு நெனச்சேன்."

"அப்புறம் ஊருக்கெல்லாம் அச்சடிச்சுக் குடுத்தீங்களா?"

"அவங்க அவசரமாக் கேட்டாங்க. டெமோவுக்கு நோட்டு முழுசையும் எடுத்த ஜெராக்ஸ் கையில இருந்துச்சு." பியூலா தாள்களின் ஓரத்தை ஒழுங்குபடுத்தினாள். "பேர மாத்தணும்னு நெனச்சேன். புரூஃப் வரும்போது மாத்திக்கலாம்னு. புரூஃப் வரல."

"அப்புறம்கூடச் சொல்லல."

"நீதான் கைடே தொடமாட்டியே" என்றாள் பியூலா. சொன்ன பிறகு அவள் முகம் சுருங்கியது.

மாரி நின்றுகொண்டேயிருந்தாள். கேட்க வேண்டியது இன்னும் இருந்தது, யார், எங்கே, இன்னமுமா. அவையெல்லாம் எங்கோ பின்னால் ஒரு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தன, எழுந்து முன்னால் வர ஒன்றுக்கும் தெம்பு இல்லை. வெளியே யாரோ ஒலிபெருக்கியில், முற்பகல் தாள்களை ஒப்படைக்காதவர்கள் உடனே ஒப்படைக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். மாரி தாள்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பிள்ளைங்க தாளு. நேரமாச்சு. சரியா தப்பா, போடுங்க."

பியூலா பச்சைப் பேனாவின் மூடியைக் கழற்றினாள். "எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்."

முதல் தாளில் சிவப்புப் பெருக்கல் குறிக்குப் பக்கத்தில் பச்சைச் சரிக்குறி விழுந்தது, பக்கத்தில் சுருக்கொப்பம். அடுத்த தாள். அடுத்தது. பியூலா ஒன்றையும் விட்டுவிடவில்லை, ஏழையும் போட்டு முடித்துவிட்டுத்தான் கையை எடுத்தாள். பிறகு ஏழு தாளின் முகப்பிலும் மொத்தத்தைத் திருத்தினாள். மேலே இருந்த தாளில் முப்பத்து நாலு முப்பத்தைந்தாயிற்று.